சமையற்கூடச் சாதனங்களின் வரிசை எண்கள்: படித்தறியும் முறை

பெருந்தொகையினருக்கு உணவு சமைக்கும் கூடங்கள் இன்று நாடெங்கும் பரவியுள்ளன. பள்ளிகள், மாணவர் விடுதிகள், மருத்துவமனைகள், தொழிற்சாலை உணவுச்சாலைகள் ஆகியவற்றில் வாயு அடுப்பு, மாவு பிசையும் யந்திரம், அரைக்கும் யந்திரம், குளிர்ப்பெட்டி, மின்னணுத் தராசு முதலிய சாதனங்கள் நாள்தோறும் இயங்குகின்றன. ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்க 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய திட்டம், 2021-ஆம் ஆண்டில் பி.எம். போஷன் என்னும் பெயர் பெற்றது. இத்தகைய திட்டங்களின் விளைவாக, யந்திரங்களைப் பற்றித் தனிப்பயிற்சி பெறாத ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் அவற்றின் பதிவேட்டைப் பேணும் பொறுப்பை ஏற்க வேண்டியுள்ளது.

அப்பதிவேட்டில் 'வரிசை எண்' என்று ஒரு கட்டம் உண்டு. அக்கட்டம் வெறுமையாக இருப்பது அரிது; ஆனால் அதில் எழுதப்பட்டிருப்பது உண்மையான வரிசை எண்ணாக இல்லாதிருப்பதும் உண்டு. சாதனத்தின்மேல் காணப்படும் பல எண்களுள் கண்ணுக்கு முதலில் தென்பட்டது எழுதப்பட்டுவிடுகிறது. பழுது நேரும்வரை இத்தவறு யாருக்கும் புலப்படுவதில்லை. புலப்படும்போது அதனைத் திருத்தக் காலம் கடந்துவிடலாம். எனவே எந்த எண் எதனைக் கூறுகிறது, எதனைக் கூறுவதில்லை என்பதை முறையாக ஆராய்வோம்.

ஐந்து வகை எண்கள்

ஒரு சாதனத்தின்மேல் பொதுவாக ஐந்து வகை எண்கள் காணப்படலாம்.

முதலாவது, மாதிரி எண். இது ஒரே அமைப்பில் செய்யப்பட்ட எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவானது. மூன்று பர்னர் கொண்ட ஒருவகை அடுப்பில் ஆயிரம் செய்யப்பட்டால் ஆயிரத்திற்கும் மாதிரி எண் ஒன்றே. உதிரிப் பாகம் வாங்குவதற்கு முதலில் வேண்டுவது இவ்வெண்.

இரண்டாவது, வரிசை எண். ஒரு தயாரிப்பாளர் செய்த ஒரு மாதிரியைச் சேர்ந்த சாதனங்களுள் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுவது இதுவே. மாதிரி எண் குலப்பெயர் போன்றது. வரிசை எண் ஒருவருக்கு இட்ட பெயர் போன்றது. இருவேறு தயாரிப்பாளர்களின் சாதனங்களில் ஒரே வரிசை எண் வரக்கூடும். ஆதலின் தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், வரிசை எண் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினாலன்றி அடையாளம் முழுமை பெறாது.

மூன்றாவது, தொகுதி எண். ஒரே வேளையில், ஒரே மூலப்பொருளைக் கொண்டு செய்யப்பட்டவற்றிற்கு இது பொது. ரப்பர் குழாய், வால்வு முதலிய சிறு பொருள்களில் வரிசை எண் இன்றித் தொகுதி எண் மட்டும் இருப்பதுண்டு.

நான்காவது, உரிம எண். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேற்புறம் எந்தத் தர நிர்ணயத்தின்படி பொருள் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் எண் இருக்கும். வீட்டு வாயு அடுப்பிற்கு 4246, பிரஷர் குக்கருக்கு 2347, வெல்டிங் செய்யப்பட்ட எரிவாயு சிலிண்டருக்கு 3196 என்பன இத்தகையவை. முத்திரையின் கீழே 'சி.எம்./எல்.' என்னும் எழுத்துகளுக்குப் பின் வரும் எண், அப்பொருளைச் செய்ய அத்தொழிற்சாலைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வழங்கிய உரிமத்தின் எண். முத்திரை உண்மையானதா என்று அமைவனத்திடம் விசாரிக்க இவ்வெண் உதவும். ஆனால் அத்தொழிற்சாலையிலிருந்து அதே உரிமத்தின்கீழ் வெளிவரும் அடுப்புகள் அனைத்திலும் இது ஒன்றாகவே இருக்கும். இதனை வரிசை எண்ணாக எழுதுவது பெருந்தவறு.

ஐந்தாவது, வாணிப எண். அட்டைப்பெட்டியின்மேல் பார்கோடு எனப்படும் பட்டைக் கோடுகளின் கீழ் 13 இலக்கங்களில் அச்சிடப்பட்டிருப்பது இது. 890 என்று தொடங்குமாயின், எண்ணைப் பெற்ற நிறுவனம் இந்தியப் பதிவமைப்பின் வழியே அதனைப் பெற்றது என்பது பொருள். பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. இவ்வெண்ணும் பொருளின் வகைக்கு உரியதேயன்றி ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே உரியதன்று.

இப்பிரிவினையால் பயன் யாது என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தயாரிப்பாளர் தம் அடுப்புகளுள் குறிப்பிட்ட சிலவற்றில் பொருத்தப்பட்ட வால்வு வாயுவைக் கசியவிடுகிறது என்று கண்டறிகிறார். "இந்த மாதிரியில், இந்த வரிசை எண் முதல் அந்த வரிசை எண் வரையுள்ள அடுப்புகளைப் பயன்படுத்த வேண்டா, வால்வு மாற்றித் தரப்படும்" என்று அறிவிக்கிறார். ஒன்றியத்திலுள்ள 60 பள்ளிகளில் அம்மாதிரி அடுப்புகள் உள்ளன. பதிவேட்டில் உரிம எண் எழுதப்பட்டிருந்தால் எந்தப் பள்ளியின் அடுப்பு ஆபத்துக்குரியது என்று அலுவலகத்திலிருந்தபடி கூற இயலாது. 60 பள்ளிகளுக்கும் ஆள் செல்ல வேண்டும். அவர் செல்லும்வரை பழுதுற்ற வால்வுகளின் அருகே சமையல் நடந்துகொண்டேயிருக்கும். வரிசை எண் சரியாக எழுதப்பட்டிருந்தாலோ, ஒரு மணி நேரத்தில் உரிய பள்ளிகளுக்குச் செய்தி அனுப்பிவிடலாம்.

எண் பொறிக்கப்படும் இடம்

வரிசை எண் பெரும்பாலும் பெயர்த்தகட்டில் இருக்கும். அடுப்பில் பின்புறத்திலோ அடிப்பகுதியிலோ, குளிர்ப்பெட்டியில் உட்சுவரிலோ பின்புறத்திலோ, மாவு யந்திரத்தில் உடற்பகுதியின் பக்கத்திலோ இத்தகடு அமைந்திருக்கும். மின் சாதனமாயின் வோல்ட் அளவும், மின்சாரம் ஒரு முனையா மும்முனையா என்பதும் அதே தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அடுப்பாயின் எவ்வகை வாயுவுக்கு உரியது என்பது குறிக்கப்பட்டிருக்கும். சிலிண்டர் வாயுவுக்கென அமைந்த பர்னரைக் குழாய்வழி வரும் இயற்கை வாயுவில் மாற்றமின்றிப் பயன்படுத்தலாகாது. ஆதலின் இக்குறிப்பையும் பதிவு செய்தல் நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒரே சாதனத்தில் இரண்டு தகடுகள் இருப்பதுண்டு. குளிர்ப்பெட்டியின் கம்ப்ரஸருக்கும் அரைக்கும் யந்திரத்தின் மோட்டாருக்கும் அவற்றைச் செய்த வேறு நிறுவனங்கள் தனி எண் இட்டிருக்கும். மோட்டார் எரிந்து மாற்றப்பட்டால் அதன் எண் மாறும். யந்திரத்தின் எண் மாறாது. பதிவேட்டில் முழுச் சாதனத்தின் எண்ணை முதலில் எழுதி, மோட்டார் எண்ணை அதற்கெனத் தனியே எழுத வேண்டும்.

பெரிய மையச் சமையற்கூடங்களில் நீராவிக் கொதிகலன் இருப்பின், செய்தவர் இட்ட எண்ணுடன் அரசுப் பதிவு எண்ணும் அதன் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். கொதிகலன்களுக்கெனத் தனிச் சட்டம் உண்டு. 1923-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆய்வுச் சான்றிதழில் உள்ள பதிவு எண்ணும் கொதிகலனில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே பார்வையிடச் செல்லும் அலுவலரின் முதல் வேலையாதல் வேண்டும்.

எண்ணுள் மறைந்திருக்கும் காலம்

தயாரிக்கப்பட்ட காலத்தைச் சில நிறுவனங்கள் வரிசை எண்ணினுள்ளேயே அமைத்துவிடுகின்றன. முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டு இலக்கங்கள் அவ்வாண்டின் வாரம், அதன்பின் தொடர் எண் என்பது ஒரு முறை. ஆண்டுடன் மாதத்தைச் சேர்ப்பது மற்றொரு முறை. ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை 001 முதல் 366 வரையுள்ள மூன்று இலக்கங்களால் குறிப்பது பிறிதொரு முறை. ஆண்டிற்கு ஓர் எழுத்தை வழங்குவோரும் உளர். ஆனால் இவை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதிகள் அல்ல.

2319 என்று ஓர் எண் தொடங்குகிறது எனக் கொள்வோம். ஆண்டு முதலில் வருமாயின் இது 2023-ஆம் ஆண்டின் 19-ஆம் வாரம், அதாவது மே மாதம். வாரம் முதலில் வருமாயின் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கம். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வேறுபாடு. உத்தரவாதக் காலம் முடிந்ததா இல்லையா என்பது இதனைப் பொறுத்தே அமையக்கூடும். மோட்டார் வண்டிகளின் டயர்களில் 2000-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் நான்கு இலக்கக் குறியில் வாரமே முதலில் வரும். அந்தப் பழக்கத்தைக் கொண்டு அடுப்பின் எண்ணைப் படித்தால் பிழை நேரலாம்.

ஐயம் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. ஓர் ஆண்டில் 53-க்கு மேற்பட்ட வாரம் இல்லை. 12-க்கு மேற்பட்ட மாதம் இல்லை. இவ்வெல்லையைக் கொண்டு பொருந்தாத பொருளை விலக்கலாம். அடுத்து, வாங்கிய பட்டியலின் தேதியுடன் ஒப்பிடலாம். வாங்கிய நாளுக்குப் பின் செய்யப்பட்ட சாதனம் இருக்க முடியாது. இவற்றாலும் தெளிவு பிறக்கவில்லையெனில் தயாரிப்பாளரிடம் எழுத்து மூலம் கேட்பதே முறை. ஊகித்த தேதியைப் பதிவேட்டில் ஒருபோதும் எழுதலாகாது. தகட்டில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதனையே கொள்ள வேண்டும்.

எண்களைக் கொண்டு எண்ணிக்கை அறிதல்

பெரிய எண்ணையுடையது புதியது, சிறிய எண்ணையுடையது பழையது என்று எண்ணுவது இயல்பு. ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொடரில் இடைவெளியின்றி எண்கள் இடப்பட்டால் இது உண்மையே. அந்நிலையில், கிடைத்த சில எண்களைக் கொண்டு மொத்தம் எத்தனை செய்யப்பட்டன என்றுகூட மதிப்பிட இயலும். கண்ட எண்களுள் பெரியதை எத்தனை எண்கள் கண்டோமோ அத்தொகையால் வகுத்து, வந்த ஈவைப் பெரிய எண்ணுடன் கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். 12, 23, 35, 47, 60 என ஐந்து எண்கள் கிடைத்தால், 60-ஐ 5-ஆல் வகுக்க 12. 60-உம் 12-உம் 72. ஒன்று கழிக்க 71. ஆகவே ஏறத்தாழ 71 சாதனங்கள் செய்யப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டினர் இத்தகைய வழியைக் கையாண்டனர். கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் பாகங்களில் இருந்த எண்களைக் கொண்டு, 1942-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத உற்பத்தியை 327 என்று கணக்கிட்டனர். உளவுத் துறையின் தகவலோ 1,550 என்றது. போருக்குப் பின் ஜெர்மானியப் பதிவேடுகளைப் பார்த்தபோது உண்மை எண்ணிக்கை 342 எனத் தெரிந்தது.

தம் உற்பத்தி அளவைப் பிறர் அறிவதை எந்த வணிகரும் விரும்பார். ஆதலின் நிறுவனங்கள் தொடரை ஆயிரத்திலிருந்து தொடங்குதல், இடையில் எண்களை விடுதல், எழுத்துகளைக் கலத்தல் முதலிய முறைகளைக் கையாளக்கூடும். இக்காரணத்தால், சாதனத்தின் வயதை வரிசை எண்ணின் பருமை கொண்டு முடிவு செய்தல் தகாது.

சிலிண்டரும் தராசும்

வரிசை எண்ணால் அறிய முடியாத ஒன்று உண்டு. சாதனம் இன்று பாதுகாப்பான நிலையில் உள்ளதா என்பதே அது. அதனைக் கூறுவது சோதனைக் குறி. சமையற்கூடத்தில் இதனை நாள்தோறும் காணக்கூடிய பொருள்கள் இரண்டு.

எரிவாயு சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கி நிற்கும் மூன்று செங்குத்துப் பட்டைகளுள் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். 'ஏ' என்பது ஜனவரி முதல் மார்ச் வரையும், 'பி' ஏப்ரல் முதல் ஜூன் வரையும், 'சி' ஜூலை முதல் செப்டம்பர் வரையும், 'டி' அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் உள்ள காலாண்டைக் குறிக்கும். இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். 'பி 28' எனின், 2028 ஜூன் இறுதிக்குள் அச்சிலிண்டர் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். இது சிலிண்டரின் ஆயுள் முடியும் நாளன்று. சோதனையில் தேறிய சிலிண்டர் புதிய குறியுடன் மீண்டும் பயனுக்கு வரும். ஆனால் குறித்த காலம் கடந்த சிலிண்டரைச் சமையற்கூடத்தில் ஏற்றுக்கொள்ளலாகாது.

சிலிண்டருக்கும் தனி எண் உண்டு. எரிவாயு சிலிண்டர் விதிகளில் அதற்குச் 'சுழற்சி எண்' என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது. எனினும் சிலிண்டர் பள்ளியின் உடைமையன்று. ஒவ்வொரு முறையும் வேறொன்று வருகிறது. எனவே அவ்வெண்ணை நிலையான சாதனப் பதிவேட்டில் எழுதிப் பயனில்லை. சிலிண்டர் வரும் நாளில், சோதனைக் குறியுடன் அவ்வெண்ணையும் வரவுக் குறிப்பில் எழுதி வைத்தால், கசிவு பற்றிப் புகார் செய்ய நேரும்போது உதவும். வெறுஞ்சிலிண்டரின் எடையும் அதன்மேல் உண்டு. அது 18.4 கிலோ எனில், வணிகப் பயனுக்கான 19 கிலோ சிலிண்டர் நிறைந்த நிலையில் 37.4 கிலோ நிற்க வேண்டும்.

இனித் தராசைக் காண்போம். தராசின் தகட்டில் தயாரிப்பாளர் பெயர், மிகுந்த அளவு, குறைந்த அளவு, துல்லிய வகுப்பு, மாதிரி அங்கீகார எண், வரிசை எண் ஆகியவை இருக்கும். மாதிரி அங்கீகார எண் 'ஐ.என்.டி.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். அது அம்மாதிரிக்கு உரியது. சரிபார்ப்புச் சான்றிதழைத் தராசுடன் இணைத்துக் காட்டுவது வரிசை எண்ணே. இரண்டும் ஒவ்வாவிடில் அச்சான்றிதழ் வேறொரு தராசினுடையது என்று கொள்ள வேண்டும்.

தராசின் முத்திரையிலும் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளும் ஆண்டும் காணப்படும். இங்குதான் கவனம் வேண்டும். சிலிண்டரில் அவ்வெழுத்து இனி வரவேண்டிய சோதனையைக் குறிக்கிறது. தராசிலோ முன்பே நடந்து முடிந்த சரிபார்ப்பைக் குறிக்கிறது. தராசில் 'ஏ 24' எனின், 2024-ஆம் ஆண்டின் முதற் காலாண்டில் அது சரிபார்க்கப்பட்டது என்பது பொருள். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, மின்னணுத் தராசை 12 மாதத்திற்கு ஒரு முறையும், எடைக்கற்களை 24 மாதத்திற்கு ஒரு முறையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒரே எழுத்து, ஒரே இலக்கங்கள். ஆயினும் ஒன்று முன்னோக்குகிறது, மற்றொன்று பின்னோக்குகிறது.

இது சிறு செய்தியன்று. ஆரம்பப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம் என்பது திட்ட அளவு. 100 குழந்தைகளுக்கு 10 கிலோ நிறுக்கும்போது தராசு அரைக் கிலோ மிகுத்துக் காட்டுமாயின், ஐந்து குழந்தைகளின் பங்கு அன்றைய பானையில் இராது. அத்தவறு எவர் கண்ணிலும் படாமல் நாள்தோறும் தொடரும்.

பிழையின்றிப் படியெடுத்தல்

வாணிப எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் எனப்படும். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து வலமாக மாறி மாறி 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, அத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுவே கடைசி இலக்கம். 890123456789 என்பதற்குத் தொகை 130. அது பத்தின் மடங்கே ஆதலின் கடைசி இலக்கம் 0. எழுதுபவர் இடையிலுள்ள 5-ஐ 6 என்று எழுதிவிட்டால் தொகை 133 ஆகும். கடைசி இலக்கம் 7 ஆக வேண்டும். எண்ணே தன் பிழையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

சாதனங்களின் வரிசை எண்ணில் இத்தகைய காவல் இருக்குமென்று நம்பியிருக்க இயலாது. ஓர் இலக்கம் தவறினால், அது வேறொரு சாதனத்தின் எண்ணாகிவிடும். எனவே படியெடுப்பவரின் கவனமே காவல். ஆங்கில எழுத்தாகிய 'ஓ' சுழியாகவும், 'ஐ' ஒன்றாகவும், 'எஸ்' ஐந்தாகவும், 'பி' எட்டாகவும், 'இசட்' இரண்டாகவும் மயங்கும். இம்மயக்கம் கருதியே மோட்டார் வாகனங்களின் 17 இடங்கள் கொண்ட அடையாள எண்ணில் ஐ, ஓ, கியூ என்னும் எழுத்துகள் விலக்கப்பட்டுள்ளன. சமையற்கூடத் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிவதால் மயக்கம் இன்னும் மிகும்.

கடைப்பிடிக்க வேண்டிய முறை எளியது. யந்திரத்தை நிறுத்தி, மின் இணைப்பையோ வாயுவையோ துண்டித்து, அது ஆறிய பின்னர், ஈரத்துணியால் தகட்டை மெல்லத் துடைக்க வேண்டும், சுரண்டலாகாது. ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் எழுத வேண்டும். பின்னர் எழுதியவர் படிக்க, முன்னவர் தகட்டுடன் ஒப்பிட வேண்டும். கைப்பேசியால் படம் எடுத்து வைப்பது மிக நன்று. தகடு அழிந்து போயிருந்தால் 'படிக்க இயலவில்லை' என்று எழுதுக. பாதி எண்ணை ஊகத்தால் நிரப்ப வேண்டா.

சாதனம் வந்த நாளிலேயே தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், வரிசை எண், தகட்டில் உள்ள தயாரிப்புக் காலம், வாங்கிய தேதி, மின்சார அல்லது வாயு வகை, அடுத்த சோதனைக்குரிய தேதி ஆகிய ஏழையும் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். சூடும் நீராவியும் தகட்டைத் தேய்க்கும். பதிவேட்டை அவை தீண்டா.

வகுப்பறைப் பயிற்சிகள்

1. ஒரு சாதனத்தின் எண் 1847 என்று தொடங்குகிறது. முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிப்பின், எவ்வாறு படித்தல் பொருந்தும்? காரணம் கூறுக. (47 என்பதை ஆண்டாகக் கொண்டால் யாது நேரும் என்று ஆராய்க.)

2. ஒரு பெட்டியில் 1 முதல் தொடர் எண்ணிட்ட சீட்டுகளை ஆசிரியர் இடுக. மொத்தம் எத்தனை என்பதைக் கூற வேண்டா. மாணவர் ஐந்து சீட்டுகளை எடுத்து, மேற்கூறிய முறையால் மொத்தத்தை மதிப்பிடுக. பலமுறை செய்து, மதிப்பீடுகளின் சராசரி உண்மைக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று காண்க.

3. பள்ளிச் சமையற்கூடத்தின் சிலிண்டர், தராசு ஆகியவற்றின் குறிகளைப் பொறுப்பாளர் உடனிருக்கப் பார்த்து எழுதுக. ஒவ்வொன்றும் கடந்த காலத்தைக் கூறுகிறதா, வருங்காலத்தைக் கூறுகிறதா என்று விளக்குக. காலம் கடந்தது எதுவேனும் இருப்பின், அன்றே தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்குக.